உழவனின் எட்டுக்கால் தோழன்

சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுவது வீட்டு வழக்கம். நூலாம்படை வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வீட்டில் அந்த வெறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அது வயலுக்கும் பரவினால் நஷ்டம் உழவனுக்குத்தான்.

நடவு முடிந்த சில நாட்களிலேயே நெல் வயலில் குடியேறிவிடும் பிராணி ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னிக் காத்திருக்கும் ஜாதியல்ல அது. தண்ணீரின் மேலும் தூர்களின் இடையிலும் ஓடி இரையைத் துரத்திப் பிடிக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை உடலின் பின்னால் ஒட்டிச் சுமக்கும். குஞ்சு பொரித்ததும் 60, 80 குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்கிறது. அந்த இரையில் முக்கியமானது, தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைத் தீய்ந்தாற்போல் ஆக்கிவிடும் புகையான்.

புகையானைக் கண்டதும் மருந்தடிக்க ஓடுகிறார்கள். நடப்பது என்ன? புகையான் முட்டையை இலை உறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்திதான் சாகிறது. சில நாட்களில் பொரித்து வரும் புகையான் குஞ்சுகளைக் கேட்பாரில்லை. காவல்காரனைக் கொன்றுவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்து வைத்த கதைதான்!

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு கண்ட அந்த நாட்டின் அரசாங்கம், பூச்சி மருந்துக்கு மானியத்தை வாரி வழங்கி வந்தது. மருந்து பெருகப் பெருகப் புகையானும் பெருகியது. கடைசியில் 1986-ல், நெல்லுக்கு 57 வகை மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாதென்று ஜனாதிபதி சுகார்த்தோ உத்தரவிட்டார். 1989-ல் மானியமும் நின்றது. மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

புகையான் வருமுன் சிலந்தி எதைத் தின்று பிழைக்கிறது? ஜாவா வயல்களில் நடந்து 1996-ல் வெளியான ஆராய்ச்சி இதற்கு விடை சொன்னது. மட்கும் தழை, சாணத்தை அண்டி வாழும், பயிருக்குத் தீங்கில்லாத சிறு பூச்சிகளே அதன் ஆரம்ப உணவு. ஆகவே, தொழு உரம் இடுவது சிலந்திக்கும் சோறு போடுவதாகும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இளம்பயிரில் மருந்தடிப்பதோ அதன் வாயில் மண்ணைப் போடுவதாகும்.

சிலந்தி ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதல்ல. யூரியாவை அளவின்றிக் கொட்டினால் புகையானுக்குக் கொண்டாட்டம். பூச்சி மிஞ்சிவிட்டால் மருந்தும் வேண்டியதுதான். ஆனால் எப்போது? சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் கண்டால் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம். சிலந்தியையும் கணக்கில் சேர்த்த விதி இது!

இந்த எளிய கணக்கு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. வேளாண்மை அதிகாரிகள் வரப்பில் இறங்கி, குத்தை விலக்கி, எண்ணிக் காட்ட வேண்டும். உழவரும் தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும். கூலி கேட்காத காவல்காரன் அங்கே வேலையில் இருக்கிறான். அவனைக் கொல்லக் காசு செலவழிப்பானேன்?