வீட்டுக்கு ஒரு போன் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

தொண்ணூறுகளில் வீட்டில் இரண்டாவது டெலிபோன் லைன் வைத்திருந்தால் அது வசதியின் அடையாளம். முதல் லைனுக்கே பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. பையன் கம்ப்யூட்டரை இணைத்தால் போன் எங்கேஜ்டு ஆகிவிடும். அதற்காகவே சில வீடுகளில் இரண்டாவது லைன் வாங்கினார்கள்.

இன்று அந்தக் காரணம் இல்லை. ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு என்று ஒரு போன் இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் செல்போன் தவிர இரண்டாவதாக ஒரு லேண்ட்லைன் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

"அதான் இரண்டு சிம் போட்டுக் கொடுத்திருக்கோமே" என்பீர்கள். இரண்டு சிம்மும் இருப்பது ஒரே கருவிக்குள். சார்ஜ் தீர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். மாடியில் மறந்து வைத்தால் இரண்டும் மாடியில்தான் இருக்கும்.

என் பெரியம்மா மகள், எழுபத்தெட்டு வயது அக்கா, தனியாக இருக்கிறார். போன வருடம் சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். செல்போன் படுக்கையறை அலமாரியின் மேல் சார்ஜில் இருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. கூடத்தில் முக்காலி மேல் லேண்ட்லைன் இருந்தது. தவழ்ந்து போய் ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார், போன் கைக்கு வந்தது. பக்கத்துத் தெரு மருமகளின் எண் அவருக்கு மனப்பாடம். இடுப்பெலும்பு முறிவு என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. "தண்டச் செலவு, எடுத்துவிடலாம்" என்று அவர் மகன் பலமுறை சொன்ன லைன் அது.

இன்னொரு காரணமும் உண்டு. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டும் மோசடி இப்போது பெருகிவிட்டது. "காலைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்பதுதான் அவர்கள் போடும் முதல் நிபந்தனை. இருப்பது ஒரே போன் என்றால் பெரியவர்கள் அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். கூடத்தில் வேறு ஒரு போன் இருந்தால், எழுந்து போய் மகனையோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையோ கூப்பிட ஒரு வழி இருக்கும். பணம் இழந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இல்லாததுதான் பலருடைய கதை.

லேண்ட்லைனிலும் குறை உண்டு, மறுக்கவில்லை. பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடிக்கும். இப்போது தரும் ஃபைபர் இணைப்பில் அப்படி இல்லை. வீட்டில் வைக்கும் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே அதை இன்வெர்ட்டர் பிளக்கில் போடுங்கள், அல்லது அதற்கென்று விற்கும் சிறிய பேட்டரி பெட்டி வாங்கி வையுங்கள். 2018 கஜா மாதிரி புயலில் டவரும் சாயும், கம்பத்துக் கேபிளும் அறும். ஆனால் மற்ற நாட்களில் இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் அடைபடுவது அபூர்வம்.

செலவு என்று யோசிக்கிறீர்களா? பல வீடுகளில் ஏற்கெனவே ஃபைபர் இன்டர்நெட் இருக்கிறது. பெரும்பாலும் அதே இணைப்பில் போன் வசதியும் சேர்ந்தே வருகிறது. ஒரு போன் வாங்கிச் செருகாததுதான் பாக்கி.

வைக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். எண்கள் பெரிதாக உள்ள ஒயர் போனாக வாங்குங்கள், கார்ட்லெஸ் வேண்டாம். சுவரில் உயரமாக மாட்டாமல், தரையில் கிடப்பவர் கைக்கு எட்டும்படி தாழ்வாக வையுங்கள். லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச 2021 ஜனவரி 15 முதல் முன்னால் பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும். பல பெரியவர்களுக்கு இது தெரியாது. பூஜ்ஜியத்தையும் சேர்த்தே எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 108, 112, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, இவற்றுக்குப் பூஜ்ஜியம் வேண்டாம். எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, உங்கள் எதிரிலேயே ஒருமுறை போட்டுப் பேச வையுங்கள். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவன் சொல்கிறேன், கை பழகாத எதுவும் அவசரத்தில் உதவாது.

வாரம் ஒருமுறையாவது அந்த எண்ணுக்கே கூப்பிடுங்கள். லைன் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும், அம்மாவின் குரலும் கேட்கும்.

அடுத்து ஊருக்கு வரும்போது புடவை, பலகாரத்தோடு ஒரு போனும் வாங்கி வாருங்கள். உங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா, ஏன் எடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் ஒருநாளும் கோபித்ததில்லை.