‘சோதனை எலி’ என்னும் சொல்



நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் தந்தைக்கு நிணநீர்ப் புற்றுநோய். இருமுறை கீமோதெரபி முடித்தும் கட்டிகள் திரும்பிவிட்டன. புதிய மருந்து ஒன்றின் பரிசோதனையில் சேர வாய்ப்புண்டு என்று கூறி, மருத்துவர் ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்பினார். நலம் விசாரிக்கச் சென்ற பெரியவர்களுள் ஒருவர், “நம்மைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்” என்றார். இன்னொருவர், “ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ், தவக்குல் வையுங்கள்” என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. படிவத்தை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அங்கே அமர்ந்திருந்த நாமும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் மனம் மாறிச் சென்றபோது உடல் மிகவும் தளர்ந்திருந்தது. பரிசோதனையில் சேரும் தகுதி போய்விட்டது. சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் கேட்டறிந்து முடிவெடுக்கும் உரிமையை ஒரு சொல்லால் அவரிடமிருந்து பறித்தோம். அந்தச் சொல்லைத்தான் இங்கே கண்டிக்கிறோம்.

எந்த மருந்துக்கும் அடங்காத பெரிய பி-செல் லிம்ஃபோமா நோயாளிகள் 636 பேரின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பழைய சிகிச்சைகளையே தொடர்ந்த அவர்களில் பாதிப்பேர் ஏழு மாதம்கூட வாழவில்லை. ஆகவே, ‘ஒன்றும் செய்யாதிருப்பது பாதுகாப்பு’ என்னும் எண்ணம் இந்நோயில் பொய். ஒதுங்கியிருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் விலை உண்டு.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து ‘நெக்ஸ்கார்19’ என்னும் சிகிச்சையை உருவாக்கின. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துகிறார்கள். பிற சிகிச்சைகள் கைவிட்ட 64 பேர் இதன் பரிசோதனையில் சேர்ந்தனர். பலன் கணக்கிடப்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு நோய் முழுமையாகவோ பகுதியாகவோ பின்வாங்கியது. சிகிச்சையின் விளைவாகவே இருவர் இறந்தனர். அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். 2023 அக்டோபரில் அரசு இதற்கு அனுமதி அளித்தது. அமெரிக்காவில் இவ்வகைச் சிகிச்சை ஒன்றின் விலை 2017இல் 3,73,000 டாலர். இங்கே அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்த 64 பேரும் ‘எலியாக மாட்டோம்’ என்று திரும்பியிருந்தால், இன்று எவருக்கும் இம்மருந்து இல்லை.

எதிர்த்தரப்பின் அச்சத்தில் நியாயமே இல்லையா? உண்டு. ஆந்திரத்தில் பழங்குடிச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தகைய அநீதிக்குத் தடை, படிவத்தைப் படித்துக் கேள்வி கேட்பதே. படிக்காமல் கையெழுத்திடுவதும் படிக்காமல் மறுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இது எந்தக் கட்ட ஆய்வு? இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? எங்களுக்கு வேறு வழி உண்டா? அறநெறிக் குழு அனுமதித்துள்ளதா? அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? இவற்றைக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

தவக்குல் பற்றிப் பேசும் பெரியவர்களுக்கு ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். பிறர் வீட்டு நோயாளிக்கு மட்டும் கட்டாமலே நம்பச் சொல்வது என்ன மார்க்கம்? நம் வீட்டில் காய்ச்சல் கண்டால் மருந்துக் கடைக்குத்தானே ஓடுகிறோம்!

இனி நோயாளியின் வீட்டுக்குச் செல்லும்போது பழங்களோடு ஒரு மூக்குக்கண்ணாடியும் கொண்டு செல்வோம். அவருக்காக துஆச் செய்வோம். பிறகு அந்தப் படிவத்தை வாங்கி, அவர் பக்கத்தில் அமர்ந்து, வரி வரியாகப் படித்துக் காட்டுவோம். முடிவை அவரே எடுக்கட்டும்.