அந்த வரிகள் யாருடையவை?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பொதுத்தேர்வுகள் தொடங்கியிருக்கும். பறக்கும் படை எங்கே போனது, ‘பிட்’ வைத்திருந்து பிடிபட்டவர்கள் எத்தனை பேர் என்ற செய்தி நாளிதழில் தினமும் ஒரு மூலையில் வரும். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பிடிபட்ட பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இந்த மாதம் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாமா?

நம் பள்ளிகளில் நல்ல விடை என்றால் என்ன? புத்தகத்திலோ நோட்ஸிலோ உள்ளதை வரி பிசகாமல் எழுதுவது. சொந்த வார்த்தையில் எழுதிய பிள்ளையிடம், ‘கீ ஆன்சர்ல இப்படி இல்லையே’ என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். எதற்கு வம்பு என்று அடுத்த தேர்விலிருந்து அது மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அடுத்தவர் வாக்கியத்தை அப்படியே எழுதியதற்குப் பாராட்டும் பரிசும் கொடுக்கிறோம். பிறகு ஒருநாள், கல்லூரியில், அதே செயலுக்குக் கருத்துத் திருட்டு என்று பெயர் சொல்லித் தண்டிக்கிறோம். இடையில் எந்த வகுப்பில், யார், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? என்னை நெடுநாளாக அலைக்கழிக்கும் கேள்வி இது.

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தை நினைத்துப்பாருங்கள். பியூரெட்டில் இரண்டு முறையாவது ஒத்துப்போகும் ரீடிங் வரவேண்டும். வரவில்லை. ஆனால் வரவேண்டிய விடை வகுப்பு முழுவதற்கும் தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்பிவிடுகிறார்கள். தனக்கு வந்த அளவை வந்தபடி எழுதிய மாணவிக்கு மதிப்பெண் குறைகிறது. அறிவியல் கற்கும் இடத்தில், கண்ணால் கண்டதை மறைத்து எழுதினால்தான் பிழைக்கலாம் என்ற பாடம் பதினேழு வயதில் அவளுக்குக் கிடைக்கிறது. ரெக்கார்டு நோட்டு? அது சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியது. சீனியர் எழுதியது அவருடைய சீனியரைப் பார்த்து. ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது அறுபது நோட்டுகளை இரண்டு நாளில் திருத்தி முடிக்க வேண்டியவர் கையெழுத்துப் போடலாம். வரிவரியாகப் படிக்க முடியாது. ஆனால் தான் எழுதுவதை யாரும் படிக்கப்போவதில்லை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அதைத் தானே எழுத வேண்டும் என்ற எண்ணம் அதற்கு எப்படி வரும்?

பெரியவர்கள் செய்வதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகள் தமிழ்நாட்டில் இருந்தன. அதைத் தடுக்கவே 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில முதலிடப் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை அரசு நிறுத்தியதும் 2017இல்தான். அதை இன்றும் மனதார வரவேற்கிறேன். 2019இல் நீட் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்தது தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிச்சத்துக்கு வந்தபோது, மாணவர்களோடு பெற்றோரும் கைதானார்கள். அது குற்ற வழக்கு, சட்டம் பார்த்துக்கொள்ளும். எனக்கு அதில் வலித்தது, பிள்ளைக்காக எதையும் செய்வேன் என்ற பாசமே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சிறையில் விட்டதுதான்.

அமெரிக்காவில் வில்லியம் பவர்ஸ் என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் 99 கல்லூரிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார். நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது ஏமாற்றியிருந்தார்கள். இணையமோ செல்போனோ இல்லாத காலம் அது. பின்னாளில் டொனால்ட் மெக்கேப் இதே கேள்வியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு மாணவன் ஏமாற்றுவானா மாட்டானா என்பதில் பிடிபடும் பயத்தைவிட, கூடப் படிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே வலுவாக நிற்கிறது என்று கண்டார். நம் வகுப்பறைகளை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ‘காட்டுடா’ என்று பக்கத்தில் இருப்பவன் கேட்கும்போது விடைத்தாளை மறைப்பவன்தான் அங்கே துரோகி. காப்பி அடிக்கவிடுவது நட்பின் கடமை. பல பிள்ளைகள் பேராசையால் தவறுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. சிநேகத்தால், பயத்தால், களைப்பால் தவறுகிறார்கள்.

பயம் என்று சொன்னேன். தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளையின் பயம் அது. ஆங்கிலத்தில் தானாக ஒரு வாக்கியம் எழுதினால் பிழை வரும், வகுப்பு சிரிக்கும். புத்தகத்தின் வாக்கியத்தில் பிழை இருக்காது. இறுதியாண்டு வந்ததும், புராஜெக்டை ரிப்போர்ட்டோடு செய்து தர பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடை இருக்கிறது. பணம் கட்டினால் வைவாவுக்குப் பதில் சொல்லவும் சொல்லித்தருவார்கள்.

அதற்கும் மேலே, முனைவர் பட்டத்தில், பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி வகுத்தது. பிற நூல்களோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை பொறுக்கப்படும். 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தைத் தர முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. விதி தேவைதான். ஆனால் மென்பொருள் சொற்களின் ஒற்றுமையை எண்ணும். சிந்தனை யாருடையது என்று அதற்குத் தெரியாது. வார்த்தைகளை மாற்றிப்போட்டு சதவீதத்தைக் குறைத்துத் தருவதே ஒரு தொழிலாகிவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பதற்றம் கூடியிருக்கிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை இத்தகைய கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரத்தின் எழுத்து என்றன கருவிகள். எளிய சொற்களில் தயங்கித் தயங்கி எழுதும் நம் வீட்டுப் பிள்ளை, திருடாமலேயே திருடன் ஆகலாம். ஆசிரியர்களே, ஒரு கருவியின் சொல்லை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, எழுதியதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னதால் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது. தனக்கு வந்த ரீடிங்கை எழுதி மதிப்பெண் இழந்தாளே, அவளுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். காப்பி அடித்தவனுக்கும் ஓர் இழப்பு உண்டு, அது அவனுக்கு அப்போது தெரிவதில்லை. தன் பிழையோடு எழுதியவனைத்தான் ஆசிரியர் திருத்த முடியும். அடுத்தவர் விடையை எழுதியவனுடைய பிழை உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை எடுத்துச்சொல்லவே சம்பளம் வாங்கும் ஒருவர் எதிரில் இருந்தும் அவனுக்குப் பயனில்லை.

மேற்கோள் காட்டுவதை நாம் ஏதோ வெளிநாட்டு விதிபோல ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டும், அதுவும் கடைசி நேரத்தில், கற்பிக்கிறோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்த ஏட்டுப்பிரதி யாரிடமிருந்து கிடைத்தது, யார் உதவினார்கள் என்று ஊரும் பேருமாக எழுதிவைத்தார். ஏடு கொடுத்தவர் பெயரைச் சொன்னதால் சாமிநாதையருடைய உழைப்பின் பெருமை குறையவில்லை. ‘இதை நான் இன்னாரிடமிருந்து அறிந்தேன்’ என்று எழுதும் பழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம். பாட்டியிடம் கேட்ட கதையா, பாட்டி பெயரைப் போடு. நண்பன் சொல்லித்தந்த கணக்கா, அவன் பெயரை எழுது. இதற்குச் செலவில்லை, அரசாணையும் வேண்டாம்.

ஆசிரியராக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்த்து எழுத முடியாதபடி நீங்கள் கொடுத்த ஒரு கேள்வியை, ஒரு வீட்டுப்பாடத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தெருவில் உள்ள மரங்களைக் கணக்கெடுக்கச் சொன்னதாகவோ, வீட்டு மின்கட்டண அட்டையை வைத்துப் போடவைத்த கணக்காகவோ இருக்கலாம். மாணவர்களும் எழுதுங்கள்; பெயர் வேண்டாம், எந்த இடத்தில் தடுமாறினீர்கள், அப்போது யார் எப்படி உதவியிருந்தால் தேவலை என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். பதினைந்தாம் தேதிக்குள் கடிதம் வந்துசேர்ந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்