அளவோடு இட்ட நஞ்சு

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்று சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அப்படியானால் அளவுக்கு மிஞ்சாத நஞ்சு? அதனால் தீங்கில்லை என்று படித்தவர்களும் எண்ணிவிடுகிறார்கள். ஏரி, குளங்களில் கலக்கும் பூச்சி மருந்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறு என்பதே எங்கள் கருத்து.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கிளியர் லேக் என்றோர் ஏரி உண்டு. அங்கு மீன்பிடித்துப் பொழுதுபோக்க வருவோருக்கு ஒருவகைச் சிறு பூச்சி தொல்லை கொடுத்தது. அது கடிப்பதுகூட இல்லை. கூட்டமாய் மொய்க்கும், அவ்வளவுதான்! அதை ஒழிக்க 1949-ஆம் ஆண்டு டி.டி.டி. இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை ஏரியில் கலந்தார்கள். மிகவும் கவனமாக, 7 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. பூச்சிகள் மீண்டும் வரவே, 1954-லும் 1957-லும் 5 கோடிக்கு ஒரு பங்காகக் கூட்டினார்கள்.

பிறகு அங்கிருந்த முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. ஏறக்குறைய 1000 ஜோடிகள் கூடுகட்டிய ஏரியில் 1960-இல் மிஞ்சியவை சுமார் 30 ஜோடிகளே. நீரைச் சோதித்தார்கள், மருந்தின் சுவடே இல்லை! அது எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு இருந்தது. அவற்றை உண்ட மீன்களில் அதைவிட மிகுதி. மீனை உண்ட பறவையின் கொழுப்பிலோ 1600 பங்கு. நீரில் இட்டதைப்போல் 80,000 மடங்கு!

காரணம் எளியது. இம்மருந்து எளிதில் மக்காது, நீரிலும் கரையாது. கொழுப்பில் போய்த் தங்கிவிடும். சிறு மீன் நாள்தோறும் தின்று சேர்த்ததையெல்லாம் பெரிய மீன் ஒரே வாயில் விழுங்குகிறது.

மருந்தில்லாமல் விளைச்சல் ஏது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மக்காத மருந்து கூடாது என்கிறோம். நம் நாட்டில் பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பது 1989-இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் இட்டது மண்ணிலும் சேற்றிலும் பல்லாண்டு கிடக்குமே!

மீனை உப்பும் மஞ்சளும் போட்டு நான்கு தரம் அலசுகிறோம். வாடை போகும், கொழுப்பில் ஊறிய மருந்து போகாது. "விரால் வாங்கினால் பெரிதாகப் பார்த்து வாங்கு" என்பார்கள் பாட்டிமார். அந்தப் பெரிய விரால் எந்தக் குளத்தில் எதைத் தின்று வளர்ந்ததோ? நீரை மட்டும் சோதித்து "நல்ல நீர்" என்று சான்று தந்தால் போதாது. மீனையும் அறுத்துச் சோதித்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஓர் ஆய்வுக்கூடமாவது வேண்டும்.