மீனின் பிறப்பிடத்தை மறைக்கலாமா?

யாழ்ப்பாணத்து உணவுச்சாலைகளின் பட்டியல்களில் இறாலின் பெயர் இருக்கிறது, கொடுவாவின் பெயர் இருக்கிறது, விலையும் இருக்கிறது. அவை கடலிற் பிடிபட்டவையா, பண்ணையில் வளர்ந்தவையா என்ற விபரத்தைக் காண்பதுதான் அரிதாயிருக்கிறது.

குருநகரிலும் பாசையூரிலும் கரையேறிய மீனே எமது சந்தையை நிறைத்த காலத்தில் இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. புத்தளம், சிலாபம் பகுதிகளின் குளங்களில் இறால் வளர்க்கப்படுகிறது. பசுபிக் கரைக்குரிய வனாமி இறாலும் இந்நாட்டுப் பண்ணைகளிற் புகுந்துவிட்டது. திருகோணமலைக் கடலிலே கூடுகளில் கொடுவா வளர்கிறது. இத்தொழில்களை நாம் பழிக்கவில்லை. பண்ணையாளனும் உழைப்பாளியே. பண்ணைப் பொருள் கடற்பொருளின் பெயரில் விலைபோகக் கூடாதென்பதே எமது வாதம்.

எமது கடற்றொழிலாளரின் நிலை யாவரும் அறிந்ததே. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின்னர் 2017 இலேதான் மக்களிடம் மீண்டது. அதே ஆண்டில் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும், பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இழுவைப் படகுகள் எம்மவரின் வலைகளை அறுப்பது ஓயவில்லை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. இத்தனை இடர்களையுந் தாங்கிக் கொண்டுவரும் மீனுக்கு அதன் உண்மைப் பெயரே பாதுகாப்பு. அப்பெயரும் பறிபோனால் அவனுக்கு எஞ்சுவது யாது?

விவசாயப் பெருமக்களையும் கேட்கிறோம். வேற்றிடத்து வெங்காயத்தை யாழ்ப்பாண வெங்காயமென்று விற்றால் நீங்கள் பொறுப்பீர்களா? தோட்டத்துக்கு ஒரு நீதி, கடலுக்கு வேறு நீதி இருக்க முடியாது.

இது புதுமையான கோரிக்கையுமன்று. கடைகளில் விற்கப்படும் மீன் பிடிக்கப்பட்டதா, வளர்க்கப்பட்டதா என்பதைக் குறிப்பிடவேண்டுமென அமெரிக்கா 2005 இலேயே விதித்தது. ஆனால் உணவுச்சாலைகளுக்கு விலக்களித்தது. அந்த ஓட்டையை அந்நாட்டின் அலபாமா மாநிலம் 2024 இல் தன் எல்லைக்குள் அடைத்தது.

இலங்கையில் இதற்கெனப் புதிய சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருட்களுக்குச் சிட்டையிடுவது பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைச் சபைக்கு அளிக்கிறது. 30 ஆம் பிரிவு பாவனையாளரைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. வேண்டியிருப்பது பணிப்புரை ஒன்றே.

உணவுச்சாலை உரிமையாளர் இதனை எவ்வாறு அறிவார் எனச் சிலர் வினவலாம். விற்பவர் கொடுக்கும் பற்றுச்சீட்டில் பிடித்த கரையோ, வளர்த்த பண்ணையோ குறிக்கப்பட்டால் போதும். எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதனை நாளையே தொடங்கலாம். அச்சிட்ட பட்டியல் இல்லாத சிறு கடைக்குச் சுவரிலுள்ள கரும்பலகையே போதுமானது.

அதிகாரசபை பணிப்புரையை வெளியிடட்டும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் தமது பகுதி உணவுச்சாலைகளை அழைத்துப் பேசட்டும். சட்டம் வரும்வரை பாவனையாளரும் வாளாவிருக்க வேண்டாம். உண்ண அமரும் ஒவ்வொருவரும் 'இது எந்தக் கரை மீன்?' என்று கேட்கத் தொடங்கினால், பட்டியல்கள் தாமாகவே பதில் சொல்லத் தொடங்கும்.