“டாக்டரே தேவைப்படாத தீவு”: ரீல்ஸ் சொல்லாத மிச்சக் கதை

1/ தனித்தீவு, சொந்த ஆடு, பிடிச்சுத் தின்ன காட்டு வாத்து. கடை இல்ல, ஊசி இல்ல, டாக்டர் இல்ல. அதனால நோயும் இல்லையாம்! இப்படி ரீல்ஸ் ஏகப்பட்டது சுத்துது. நிஜமாவே அப்படி வாழ்ந்த தீவு ஒண்ணு இருந்துச்சு மக்களே. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2/ ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் கில்டா. மரம்கூட வளராத இடம். செம்மறி ஆடு, கொஞ்சம் விவசாயம் இருந்தாலும் முக்கியமான சாப்பாடு கடற்பறவைதான்.

3/ செங்குத்தான பாறையில் கயிறு கட்டி இறங்கி கேனட், ஃபுல்மர், பஃபின் பிடிப்பாங்க. கேனட்டுக்கு அந்தக் காலத்து ஆங்கிலப் பேரே ‘சோலன் கூஸ்’. பேர்ல மட்டும்தான் வாத்து! கறியைக் கல் குடிசைகளில் காத்தாட வச்சு, குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவாங்க. இறகை வாடகையாக் கொடுப்பாங்க. அசாத்தியத் திறமை. அந்தக் கறியிலயும் எந்தத் தப்பும் இல்ல.

4/ இனி ரீல்ஸ்ல வராத பகுதி. 19ஆம் நூற்றாண்டின் சில காலகட்டங்களில் அங்கே பிறந்த 3 குழந்தைகளில் ஏறக்குறைய 2 பிழைக்கவில்லை. ‘எட்டாம் நாள் நோய்’னு அதுக்குப் பேரே வச்சிருந்தாங்க.

5/ முதல் சில நாள் குழந்தை நல்லா பால் குடிக்கும். அப்புறம் வாய் திறக்காது. தாடை இறுகும். தொட்டாலே உடம்பு விறைச்சு வில்லா வளையும். கொஞ்ச நாள்ல உயிர் போயிடும். இதுதான் பச்சிளங்குழந்தை டெட்டனஸ். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி, சுத்தமில்லாத தொப்புள்கொடி வழியா உள்ளே போகுது.

6/ எப்படி நின்னுச்சு? ஆங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோ போய், தொப்புள்கொடியைக் கிருமியில்லாமப் பராமரிக்கும் முறையைக் கத்துக்கிட்டு வந்தார். 1890களின் தொடக்கத்தோட அந்தச் சாவுகள் நின்னுபோச்சு.

7/ கவனிங்க. அதே காத்து, அதே தண்ணி, அதே பறவைக்கறி. மாறினது தொப்புள்கொடியைக் கையாண்ட விதம் மட்டும்தான். “இயற்கை உணவு இருந்தா எதிர்ப்புச் சக்தி தானா வரும்”னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

8/ டெட்டனஸ் வந்து பிழைச்சவங்களுக்குக்கூட அந்த நோயால எதிர்ப்புச் சக்தி வராது, தடுப்பூசியால்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கிட்ட ஊசியும் உங்களைக் காப்பாத்தாது. கிருமி மண்ணுலயேதான் இருக்கு.

9/ கடைசியில என்ன ஆச்சு? இளைஞர்கள் ஒவ்வொருத்தரா வெளியேற, மிச்சம் இருந்தவங்களே “எங்களைக் கூட்டிட்டுப் போங்க”னு 1930 மே மாதம் அரசுக்கு மனு எழுதினாங்க. ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் கப்பல் ஏறிட்டாங்க.

10/ தாய்-சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்தது 2015ல் உறுதியாச்சு. கர்ப்பிணிகளுக்கு ஊசி, சுத்தமான பிரசவம், இவ்வளவுதான் ரகசியம். தோட்டம் போடுங்க, வாத்து வளருங்க, சந்தோஷம். ஆனா தற்சார்புங்கிற பேர்ல வீட்டுப் பிரசவத்தையும் ‘ஊசி வேண்டாம்’ பேச்சையும் விக்காதீங்க. அதுக்கான விலையை உங்க குழந்தைதான் கொடுக்கும்.