ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு முதலாளிகள் வேண்டாம்! காரில் ஆம்ப்ளிஃபையர் மாட்டப் போகிறீர்களா?

லீவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பியாயிற்று. பின் சீட்டில் பிள்ளைகள், முன் சீட்டில் பாட்டுப் பிரியரான மாமா. நெடுஞ்சாலையில் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியதும் பாட்டு காற்றோடு போய்விடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் பாடகரின் குரல் கரகரக்கிறது. 'ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்டுடலாமா?' என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

அந்த யோசனையில் தப்பில்லை. அதற்கடுத்து வரும் யோசனைதான் ஆபத்து. 'செட்டில் இருந்து வரும் வயர் ஏற்கெனவே ஸ்பீக்கரில் இருக்கிறது. அதைக் கழற்றாமல், ஆம்ப்ளிஃபையர் வயரையும் அதே ஸ்பீக்கரில் முறுக்கிவிட்டால் இரண்டு பவரும் சேர்ந்து கிடைக்குமே!'

கிடைக்காது. செட் போகலாம், ஆம்ப்ளிஃபையர் போகலாம், இரண்டும் சேர்ந்தே போகலாம்.

பெட்டியில் 50 வாட்ஸ் என்று இருக்கிறதே?

டேஷ்போர்டில் இருக்கும் செட்டைத்தான் ஹெட் யூனிட் என்கிறார்கள். அதற்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், அது ஒரு கணம் எட்டிப் பார்க்கும் உச்ச அளவு. தொடர்ந்து தெளிவாகக் கொடுக்கக்கூடியதை ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்பார்கள். வண்டி ஓடும்போது கிடைக்கும் சுமார் 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு, வழக்கமான 4 ஓம் ஸ்பீக்கருக்கு செட்டால் தர முடிவது ஏறக்குறைய 20 வாட்ஸ்தான். அதற்கு மேல் திருகினால் வருவது இசையல்ல, இரைச்சல்.

தனி ஆம்ப்ளிஃபையர், பேட்டரியின் 12 வோல்ட்டைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்ளும். அதனால்தான் அதில் சத்தமும் கூடுகிறது, தெளிவும் கெடுவதில்லை.

இரண்டையும் ஏன் சேர்க்கக் கூடாது?

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். ஸ்பீக்கர் கதையும் அதுதான். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டில் இருக்கும் தடையோ, ஒரு ஓமில் மிகச் சிறிய பகுதி. இரண்டு அவுட்புட்டுகளை ஒன்றாக முறுக்கினால், கரன்ட் ஸ்பீக்கருக்குப் போவதை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் இன்னொரு ஆம்ப்ளிஃபையருக்குள் பாயும். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களிலுமே, பாடியோடு ஒப்பிட்டால், பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி இருக்கும். மைனஸ்தானே என்று அதை எர்த்தில் சேர்த்தாலும் ஆபத்து. வேறொரு ஆம்ப்ளிஃபையரின் வயரோடு சேர்த்தாலும் ஆபத்து. 'ஒன்றை ஆஃப் செய்துவிட்டு மற்றதை ஓட்டலாமே' என்பதும் உதவாது. ஆஃபில் இருப்பதன் அவுட்புட்டுக்குள் மற்றது கரன்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சரி, எதுவும் புகையாமல் இரண்டும் சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பவர் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். 60 வாட்ஸோடு செட்டின் 20 வாட்ஸைச் சேர்த்தால் 1 டெசிபலுக்குச் சற்று மேல். பின் சீட்டில் இருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

செட்டும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே காரில் தாராளமாக வேலை செய்யலாம். ஒரே ஸ்பீக்கரில் கூடாது, அவ்வளவுதான்.

*வழி 1 - வேலையைப் பிரித்துக்கொடுங்கள்:* கதவு ஸ்பீக்கர்களை செட்டே ஓட்டட்டும். டிக்கியில் ஒரு சப் வூஃபர் வைத்து, அதை மட்டும் ஆம்ப்ளிஃபையரிடம் விடுங்கள். செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கனமான பேஸ் சுமை கதவு ஸ்பீக்கரை விட்டு இறங்கிவிடும், குரல் தெளிவாகும். குறைந்த செலவில் நிறைவான பலன் இதில்தான்.

*வழி 2 - எல்லாமே ஆம்ப்ளிஃபையரில்:* செட்டின் பின்னால் இருக்கும் ஆர்.சி.ஏ. பின்னில் இருந்து சிக்னலை மட்டும் எடுத்து, 4 சேனல் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் பழைய வயரை செட்டில் இருந்து முழுவதுமாகப் பிரித்துவிட வேண்டும். கம்பெனி செட்டில் ஆர்.சி.ஏ. இல்லையா? 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப்ளிஃபையராகக் கேளுங்கள். அதில் செட்டின் ஸ்பீக்கர் வயரையே சிக்னலாகக் கொடுக்கலாம்.

கடையில் கிளம்பும் முன் பாருங்கள்

* பேட்டரியில் இருந்து வரும் பவர் வயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? அது காப்பது ஆம்ப்ளிஃபையரை மட்டுமல்ல, வயரை. வழியில் எங்காவது வயர் தேய்ந்து பாடியில் பட்டால், தீப்பிடிக்கும் முன் ஃபியூஸ் போக வேண்டும்.
* இன்ஜின் பக்கமிருந்து தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் வயருக்கு ரப்பர் புஷ் போட்டிருக்கிறார்களா?
* எர்த் வயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் இறுக்கப்பட்டிருக்கிறதா?
* பவர் வயர் முழுத் தாமிரமா, தாமிர முலாம் பூசிய அலுமினியமா? இரண்டாவது என்றால் இன்னும் தடிமனானது வேண்டும்.
* ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவும் ஆம்ப்ளிஃபையரின் அளவும் பொருந்துகிறதா? 'கெயின்' என்பது வால்யூம் அல்ல. அதை முழுக்கத் திருகிவைத்தால் ஸ்பீக்கர் சீக்கிரம் கருகும்.

புது வண்டி என்றால் கம்பெனி வயரிங்கை வெட்ட விடாதீர்கள். அந்த மாடலுக்கான கப்ளரை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். வயரை வெட்டினால் வாரன்ட்டியில் சிக்கல் வரலாம்.

கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணா சேர்த்துடலாம் சார், நல்லா அதிரும்' என்றால் ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்த ஸ்பீக்கருக்கு பவர் எங்கே இருந்து வருது?' பதிலில் ஒரு பெயர்தான் வர வேண்டும். இரண்டு வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குக் கிளம்புங்கள். அந்த காரில் பாட்டு மட்டுமா போகிறது, வீடே அல்லவா போகிறது!